கிணற்றுமேட்டுச் சபாநாயகர்

எந்தக் காரியமானாலும் அவர் முதலில் ஒன்றைத்தான் கேட்பார்.

"இது யாரு பட்டியல்ல வருதுங்க?"

தபால் தாமதம் என்று நாலு பேர் புலம்பினால், "அது டில்லிப் பட்டியல்" என்பார். ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை என்றால், "அது மெட்ராஸ் பட்டியல், டில்லியில பேசிப் பிரயோசனமில்லை" என்பார். வீட்டுக்குள்ளும் இதே கதைதான். குழம்பில் உப்பு குறைந்தால் வாயே திறக்க மாட்டார். அது மனைவியின் பட்டியலாம், அதில் தலையிட அவருக்கு அதிகாரம் இல்லையாம். சப்பென்ற குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார். அவர் மனைவி, எனக்கு அத்தை, தலையில் அடித்துக்கொள்ளும். "ஒருநாளாச்சும் உப்புப் பத்தலைன்னு சொன்னா உங்க கிரீடம் எறங்கியா போயிரும்?" மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது மட்டும், "இது ரெண்டு பேருக்கும் பொதுப் பட்டியல். புள்ளையையும் கேக்கோணும்" என்றார். எழுபதுகளில், மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், புள்ளையைக் கேட்ட அப்பன் அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

எனக்கு அவர் மாமா. என் வீட்டுக்காரருக்குத் தூரத்துப் பெரியப்பா முறை. இரண்டு பேருமே லாரி ஓட்டியவர்கள். என் வீட்டுக்காரர் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் திரும்ப இருபது நாள், இருபத்தைந்து நாள் ஆகும். மாமா கண் மங்க ஆரம்பித்ததும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் காட்டு விவசாயத்துக்கு வந்தவர். வருவதற்கு முன்னால் ஒரு தடவை டில்லிக்கு லோடு கொண்டு போயிருக்கிறார். லோடு இறக்க இரண்டு நாள் ஆகும் என்றிருக்கிறார்கள். சும்மா உட்காராமல், எங்கள் பக்கத்து எம்.பி. தங்கியிருந்த வீட்டை விசாரித்துப் போய், பாஸ் வாங்கி, பார்லிமெண்டில் மேலே பார்வையாளர்கள் உட்காரும் இடத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறார்.

அந்த இரண்டு மணி நேரத்தை நான் இருநூறு மணி நேரமாவது கேட்டிருப்பேன். அங்கே கை தட்டக் கூடாது. சிரிக்கக் கூடாது. கம்பியில் சாயக் கூடாது. கீழே இருக்கிறவர்கள் கத்திக்கொண்டார்கள், காகிதத்தை ஆட்டினார்கள். உயர்ந்த நாற்காலியில் இருந்த ஒருவர் எழுந்து நின்றார். அத்தனை பேரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

"அவரு கையில கம்பு இல்லை அம்மிணி. பட்டாளம் இல்லை. அவரு எந்திரிச்சா மத்தவங்க உக்காரோணும்னு ஒரு ரூலு. அவ்வளவுதான். ரூலுக்கு உக்காருறானுங்க பாரு, அதைத்தான் நான் பாத்துட்டு வந்தேன்."

ஊருக்கு வந்ததும் அதைக் கொண்டுபோய் எங்கள் கிணற்றில் வைத்துவிட்டார்.

எங்கள் கிணறு பதினோரு பங்குக் கிணறு. ஒரே மோட்டார். பதினோரு நாளுக்கு ஒரு தடவை ஒவ்வொரு பங்குக்கும் ஒரு நாள் தண்ணீர், அதற்கு முறை என்று பெயர். பத்துப் பங்கு எங்கள் பங்காளிகளுடையது. பதினோராவது பங்கு பாவாயியுடையது. அவளுடைய அப்பன்தான் அந்தக் கிணற்றைத் தோண்டியவன். பாறை வந்தபோது மற்ற ஆட்கள் விட்டுப் போக, அவன் ஒருவன் தன் அண்ணன் தம்பிகளோடு வெடி வைத்து உடைத்துத் தண்ணீரைக் கண்டானாம். கூலிக்குப் பதிலாக அவனுக்கு ஒரு பங்கு என்று அன்றைய பெரியவர்கள் வாயால் சொன்னார்கள். எழுத்து எதுவும் கிடையாது. அப்பனுக்குப் பிறகு பாவாயி அரை ஏக்கரில் மிளகாய் வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தாள். புருசன் இல்லை, ஒரு மகன், இரண்டு வெள்ளாடு.

அமாவாசை அன்று எங்கள் பக்கம் ஏர் பூட்ட மாட்டார்கள். அதனால் பங்குதாரர் கூட்டம் அமாவாசைக் காலையில். முன்பெல்லாம் அது வெறும் சண்டை. பழைய லாரியிலிருந்து கழற்றிய டிரைவர் சீட் ஒன்றைக் கொண்டுவந்து, இரண்டு கல் அடுக்கி அதன்மேல் வைத்தார் மாமா. பக்கத்தில் ஒரு அமுக்கு ஹாரன். கூச்சல் அதிகமானால் ரப்பர் குமிழை அமுக்குவார், அது "பாம்" என்று கத்தும். முதல் இரண்டு மாதம் எல்லோரும் கேலி பண்ணினார்கள். மூன்றாவது மாதம் ஹாரன் சத்தம் கேட்டதும் உட்கார ஆரம்பித்தார்கள். நாங்கள் அவரைச் சபாநாயகர் என்று கூப்பிட ஆரம்பித்ததும் அப்போதுதான். கேலியாகத்தான் ஆரம்பித்தோம்.

ரூல்கள் ஒவ்வொன்றாக வந்தன. என்ன பேசப்போகிறோம் என்பதை முன்கூட்டியே மோட்டார் ரூம் கதவில் சாக்பீஸால் எழுத வேண்டும். எந்தத் தீர்மானத்தையும் மூன்று தடவை படித்த பிறகுதான் ஓட்டு. சீட்டில் இருக்கிறவருக்கு ஓட்டு இல்லை, இரண்டு பக்கமும் சமமாக வந்தால் மட்டும் உண்டு. குறைந்தது ஆறு பேர் வந்தால்தான் கூட்டம்.

"டில்லியில பத்துல ஒரு பங்கு ஆளிருந்தாப் போதும்" என்றார். "நம்மூர்ல அந்தக் கணக்குப் போட்டா ரெண்டு பேரு உக்காந்து கெணத்தையே பேசி முடிச்சிருவீங்க. அதனால ஆறு."

இன்னொரு ரூல், முறைத் தண்ணீரை வாய்க்காலில் இன்னொருவர் காட்டுக்குத் திருப்பிவிடக் கூடாது. பெரிய காட்டுக்காரரான செங்கோடன், சின்னப் பங்குக்காரர்களை மிரட்டி அவர்களுடைய முறையை இரவல் வாங்கிக்கொண்டிருந்தார். அதை நிறுத்தத்தான் மாமா அந்த ரூலைக் கொண்டுவந்தார். நல்ல ரூல் என்று நான்கூடச் சொன்னேன்.

நான் கூட்டத்துக்குப் போனதே அவரால்தான். வீட்டுக்காரர் லோடில் இருந்தபோது ஒரு அமாவாசைக்கு நான் போய் மரத்தடியில் நின்றேன். எனக்கும் பின்னால், புளியமரத்துக்கு அந்தப் பக்கம், பாவாயி எப்போதும் போல நின்றுகொண்டிருந்தாள். செங்கோடன் சிரித்தார்.

"ஏனுங்கண்ணா, பொம்பளைகளுக்கு இங்க என்னுங்க சோலி?"

மாமா ஹாரனை அமுக்கினார். "பங்குக்குத்தான் ஓட்டு. பங்கு சேலை கட்டுதா வேட்டி கட்டுதான்னு ரூல்ல இல்லீங்க. டில்லியில முன்னாடி சீட்டுல உக்காந்திருக்கறது யாருன்னு நீங்க பேப்பர் பாக்கறதில்லீங்களா?" பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "அம்மிணி, வந்து உக்காரு. பாவாயி, நீயும் வா. நிக்கறவங்க கையை எண்ண மாட்டேன்."

இருவரும் ஒரே நாளில், ஒரே கல்லில், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவள் கூச்சத்தில் கல்லின் ஓரத்திலேயே ஒட்டிக்கொண்டாள். அன்று நான் தூக்கிய கையை அவர் விரல் நீட்டி எண்ணியபோது அடைந்த சந்தோஷத்தை இன்றும் என்னால் சொல்லி முடியாது.

எமர்ஜென்சி வந்தது. எங்கள் ஊரில் வெளியே ஒன்றும் மாறவில்லை. மாமாதான் மாறினார். டீக்கடையில் பேப்பர் படித்துவிட்டு நேராக என் வெங்காயக் காட்டு வரப்புக்கு வருவார். வெட்டவெளியில் நின்றுகொண்டு இடதும் வலதும் பார்ப்பார். பிறகு குரலைத் தாழ்த்துவார்.

"எதிர்க்கட்சிக்காரங்களைப் புடிச்சு உள்ள போட்டுட்டாங்க. உள்ள இருக்கறவங்க எப்புடி அம்மிணி கை தூக்குவாங்க?"

எனக்கு என்ன தெரியும்? "ஆமாங் மாமா" என்பேன்.

ஒருநாள் வந்தவர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "அஞ்சு வருசத்துக்குன்னு நாம அனுப்பிச்சவங்க, இன்னொரு வருசம் இருந்துக்கறோம்னு அவிங்களே கை தூக்கிக்கிட்டாங்க."

"அப்புடிச் செய்யலாமுங்களா?"

"செய்யலாம். எமர்ஜென்சின்னா நீட்டிக்கலாம்னு ரூல்லயே இருக்குது. ரூல் தப்பிச் செஞ்சிருந்தா நான் திட்டிப்போட்டுப் போயிருவேன். எல்லாம் ரூல்படி நடக்குது அம்மிணி. எதைச் சொல்லித் திட்டறது?"

இன்னொரு நாள், பள்ளிக்கூடத்தை மெட்ராஸ் பட்டியலிலிருந்து எடுத்துப் பொதுப் பட்டியலில் வைக்கப்போகிறார்களாம் என்றார். அதே சட்டத்தில், அரசியல் சட்டத்தையே மாற்றினாலும் எந்தக் கோர்ட்டும் ஏன் என்று கேட்கக் கூடாது என்றும் எழுதிக்கொள்ளப்போகிறார்களாம். "மூணுல ரெண்டு பங்கு கை தூக்கிட்டா எதை வேணாலும் செஞ்சரலாமா? சூரியன் மேக்கால மொளைக்கோணும்னு தூக்குனா?" என்று என்னைக் கேட்டார். பதிலுக்காகக் கேட்கவில்லை, அவருக்குத் தூக்கமே போயிருந்தது. கன்னம் ஒட்டிவிட்டது. கூட்டம் கூடினால் போலீஸ் வருமோ என்று பயந்து, ஹாரனை ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவர ஆரம்பித்தார்.

அந்த வருஷம் மழையும் இல்லை. கிணற்றில் பாறை தெரிந்தது. மோட்டார் இரண்டு மணி நேரம் ஓடினால் காற்று வாங்கியது. அமாவாசைக்கு முன்னால் மோட்டார் ரூம் கதவில் செங்கோடன் சாக்பீஸால் எழுதியிருந்தார். மழை வரும்வரை பதினோராவது பங்கின் முறையை நிறுத்திவைத்து, அந்த நாளை மற்ற பத்துப் பங்குக்கும் பிரிப்பது.

எல்லாம் முறைப்படிதான் நடந்தது. முன்கூட்டியே அறிவிப்பு. கூட்டத்துக்குத் தேவையான ஆள். ஒரு அமாவாசையில் முதல் தடவை படித்தார்கள், அடுத்ததில் இரண்டாம் தடவை. செங்கோடன் கை கட்டி, "சபாநாயகர் உத்தரவு குடுத்தாப் பேசறேனுங்க" என்று ஆரம்பித்தபோது மாமாவின் முகத்தைப் பார்த்தேன். தான் சொல்லிக்கொடுத்த வார்த்தைகள் திரும்ப வருவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பாவாயி என் பக்கத்தில் புடவை முந்தியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

மூன்றாம் தடவை படித்ததும் ஓட்டுக்கு விட வேண்டும். மாமா எழுந்து நின்றார். எல்லோரும் உட்கார்ந்தோம்.

"இதை நான் ஓட்டுக்கு உட மாட்டேனுங்க" என்றார். "எந்த வாய்க்கா முன்ன, எந்த வாய்க்கா பின்ன, மோட்டார் எந்நேரம் ஓடோணும், இதெல்லாம் நம்ம பட்டியல். பேசுங்க, கை தூக்குங்க. ஆனா பதினோரு பங்கு சேந்துதானுங்க இந்தச் சபை. அந்தப் பங்குல ஒண்ணை அறுக்கற அதிகாரத்தை இந்தச் சபைக்கு யாரு குடுத்தா? இன்னிக்குப் பதினோராவதை எடுத்தா நாளைக்குப் பத்தாவது. இது எட்டுக் கை தூக்குனாலும் இல்லை, பத்துக் கை தூக்குனாலும் இல்லை."

"அதை ரூல்ல எங்கீங்க எழுதியிருக்குது?" என்றார் செங்கோடன்.

மாமா மோட்டார் ரூம் கதவைத் திரும்பிப் பார்த்தார். கூட்டம் எப்படி நடக்க வேண்டும் என்று அத்தனை ரூல் போட்டவர், கூட்டம் எதைச் செய்யவே கூடாது என்று ஒரு வரிகூட எழுதி வைத்திருக்கவில்லை. அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று இருந்துவிட்டார். அவர் செய்த ஒரே தப்பு அதுதான்.

"அப்ப சபாநாயகரை மாத்தறோமுங்க. பதினாலு நாள் நோட்டீஸ். அதுவும் உங்க ரூல்தான்" என்றார் செங்கோடன். மாமா தலையாட்டினார். அந்த நோட்டீஸையும் கதவில் மாமாவேதான் எழுதினார். எழுத்து நேராக இருந்தது.

அந்தப் பதினான்கு நாளில் செங்கோடனின் மனைவி இரண்டு தடவை என் வீட்டுக்கு வந்தாள். என் வெங்காயம் அப்போது தாள் மஞ்சளாகித் தரையில் படுத்துக்கொண்டிருந்தது. இன்னும் ஒரே ஒரு தண்ணீர் கிடைத்தால் காய் பிடித்துவிடும். அவள் அதைத்தான் சொன்னாள். போகும்போது, "உன்ற ஊட்டுக்காரரு ரோட்டுல போற ஆளு. காலம் கெட்டுக் கெடக்குது" என்றும் சொன்னாள். பிறகு நான் பயந்துதான் அப்படிச் செய்தேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பயந்தது நிஜம். ஆனால் வெங்காயத்துக்காகத்தான் செய்தேன்.

பௌர்ணமிக் காலையில் கூடினோம். மாமா யாரும் சொல்லாமலே சீட்டை விட்டு இறங்கினார். தன்னை நீக்கும் தீர்மானம் நடக்கும்போது சபாநாயகர் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாதாம், மற்றவர்களோடு உட்கார்ந்து பேசலாமாம், ஒரு ஓட்டும் போடலாமாம். டில்லியில் அப்படித்தானாம். ஹாரனைச் செங்கோடன் கையில் கொடுத்துவிட்டு எனக்கும் பாவாயிக்கும் எதிரே தரையில் உட்கார்ந்தார். பதினோரு பேரில் ஆறு கை வேண்டும்.

ஐந்து கைகள் உடனே எழுந்தன. பிறகு ஒன்றும் எழவில்லை. செங்கோடன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். என் கை எப்போது மேலே போனது என்று எனக்குத் தெரியாது என்று சொல்லலாம். ஆனால் தெரியும். பக்கத்தில் பாவாயி உடம்பைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டதும் தெரியும்.

மாமாவுக்கு எண்ணாமல் இருக்க முடியாது. கூட்டம் என்றால் அவர் உதடு தானாக அசையும். செங்கோடன் சொல்வதற்கு முன்னால் அவரே சொன்னார்.

"ஆறுங்க. சரியா இருக்குது."

அதற்குப் பிறகு பாவாயியின் முறையை எடுப்பதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

என் வெங்காயத்துக்குத் தண்ணீர் வந்தது. ஆறாம் நாளோ ஏழாம் நாளோ மாமாவின் முறை. நான் களையெடுத்துக்கொண்டே பார்த்தேன். தன் வாய்க்காலில் வந்த தண்ணீரைக் குடத்தில் மொண்டு, தோளில் வைத்து, மூன்று காடு தாண்டிப் பாவாயியின் மிளகாய்ச் செடிகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்கிய ஆள். முழங்கால் மடங்காத ஆள். செங்கோடன் வரப்பில் நின்று, முறைத் தண்ணீரை இரவல் தரக் கூடாது என்பது அவரே போட்ட ரூல் என்று சத்தம் போட்டார். மாமா குடத்தை இறக்காமலே சொன்னார்.

"வாய்க்காலுக்குத்தானுங்க ரூலு. கொடத்துக்கு இல்லை."

தன் முறை வந்த ஒவ்வொரு நாளும் சுமந்தார். அவருடைய சோளம் காய்ந்தது. குடத்துத் தண்ணீரில் அரை ஏக்கர் பிழைக்காது. மிளகாயும் காய்ந்தது.

ஐப்பசியில் மழை பெய்தது. மழை வரும்வரைதான் என்ற தீர்மானத்தை எடுத்துவிட வேண்டும் என்று யாரும் கதவில் எழுதவில்லை. நானும் எழுதவில்லை. தைக்குள் பாவாயி ஆட்டையும் மகனையும் கூட்டிக்கொண்டு கெங்கவல்லிப் பக்கம் யாரோ உறவுக்காரர்களிடம் கூலி வேலைக்குப் போய்விட்டாள். எந்த ஊர் என்று யாரிடமும் சொல்லவில்லை. என் வாசல் வழியாகத்தான் போனாள். நான் கதவை ஒருக்களித்து நின்றேன்.

எமர்ஜென்சி முடிந்தது, எலெக்‌ஷன் வந்தது. எண்பதில் ஒருநாள் மாமா பேப்பரைச் சுருட்டிக்கொண்டு காட்டுக்கு வந்தார். எவ்வளவு கை தூக்கினாலும் எல்லையே இல்லாத அதிகாரத்தைப் பார்லிமெண்ட் தனக்குத் தானே கொடுத்துக்கொள்ள முடியாது என்று டில்லியில் பெரிய கோர்ட் சொல்லிவிட்டதாம். "இருக்குதாமா அம்மிணி, வேலி இருக்குதாமா" என்று இரண்டு தடவை சொன்னார். சந்தோஷப்பட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் கண் பாவாயியின் காட்டுப் பக்கம் இருந்தது. அங்கே அப்போது செங்கோடனின் மரவள்ளிக் குச்சிக்கிழங்கு நின்றது.

அதற்குப் பிறகு ஆழ்துளை போடும் ரிக் வண்டிகள் வந்தன. ஆளுக்கு ஆள் போர் போட்டார்கள். கிணறு வற்றியது. கூட்டமும் நின்றது. லாரி சீட்டில் கோழி முட்டையிட்டது.

எண்பத்து நான்கோ ஐந்தோ, மாமா படுக்கையில் விழுந்தார். ஒரு மத்தியானம் கஞ்சி கொண்டுபோனேன். அத்தை வெளியே போன நேரம் பார்த்து, இத்தனை வருஷம் சொல்லாததைச் சொன்னேன்.

"மாமா, அன்னைக்கு நான் கை தூக்கியிருக்கக் கூடாதுங்க. என்னை மன்னிச்சிருங்க."

அவர் உதடு அசைந்தது. எதை எண்ணினாரோ.

"என்னைய எறக்குனதுக்கா? அதுக்கு உனக்கு அதிகாரம் இருந்துச்சு. நாந்தானே குடுத்தேன். அதுல தப்பில்லை சாமி."

"அதில்லீங் மாமா. பாவாயி..."

அவர் மங்கிய கண்ணால் என் முகத்தைத் தேடினார். நான் எதற்காகக் காத்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். அவரால் முடியவில்லை. அதைச் சொல்லும்போது அவருக்கே வலித்தது என்பது எனக்குத் தெரிந்தது.

"அது என்ற பட்டியல்ல வராது அம்மிணி. அது பாவாயி பட்டியல்."

மாமா போன பிறகு இரண்டு தடவை கெங்கவல்லிக்குப் பஸ் ஏறியிருக்கிறேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பூக்காரியிடமும் டீக்கடையிலும் கேட்டேன். மிளகாய் வைத்திருந்தவள், ஒரு மகன், இரண்டு வெள்ளாடு. எந்த ஊர் என்று திருப்பிக் கேட்டார்கள். தெரியாது என்றேன். அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டேன்.